தந்தையின் துப்பாக்கியும் ஓர் இரும்பு வளையமும்

காட்டுப்பன்றிகளை விரட்டத் தந்தை வைத்திருந்த துப்பாக்கி மகனுக்கு வரலாம்; அதன் உரிமம் வராது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி மகன் தன் பெயரில் உரிமம் பெறுதல் வேண்டும். முதலில் காவல் நிலையத்திற்குச் செல்க.

உரிமம் பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். ஜான் பிரௌனிங் 1900ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற ஆட்டோ-5 வகைத் துப்பாக்கியைக் கழற்றித் துடைப்பது எளிது. பூட்டும்போதுதான் வரிசை குழம்பும். சொல்லித்தரத் தந்தையும் இல்லை.

துப்பாக்கியில் தோட்டா அறவே இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து கொள்க.

சுடும்போது இதன் குழல் முழுவதுமே பின்னோக்கி ஓடும். அவ்வோட்டத்தை அடக்குவன, தோட்டாக் குழாயின்மேல் உள்ள சுருள்வில்லும் வெண்கல வளையமும் இரும்பு வளையமுமாம். வழக்கமான 12 போர் துப்பாக்கியில், வலுவான தோட்டாவுக்கு முதலில் சுருள்வில், அதன்முன் இரும்பு வளையம், அதற்கும் முன் வெண்கல வளையம். இலேசான தோட்டாவுக்கோ இரும்பு வளையம் சுருள்வில்லின் பின்னே, துப்பாக்கியின் உடலை ஒட்டிக் கிடக்கும்.

இலேசான வரிசையில் வலுவான தோட்டாவைச் சுட்டால் உதை மிகும். முன்கைப்பிடி மரம் பிளக்கும். மாற்றிச் செய்தால் வெற்றுத் தோட்டா வெளியேறாது சிக்கிக்கொள்ளும். பழுது என்று பலர் எண்ணுவது பெரும்பாலும் இதுவே!

தோட்டாக் குழாயில் எண்ணெயை ஊற்றுவதும் தீது, வளையம் வழுக்கும். எண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை துடைத்தல் போதும். முன்மூடியை இறுகத் திருகுக.