கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன்

கேள்வியின் சுருக்கம்: திண்டுக்கல் மாவட்ட வாசகர் ஒருவரின் 13 ஆண்டுப் பழைய காரில் மூன்றாம் கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துகொண்டிருந்ததால், தனியார் பணிமனை ஒன்று ரூ.46,000 பெற்றுக்கொண்டு கியர்பாக்ஸைப் பிரித்து வேலை செய்து கொடுத்தது. எட்டே மாதத்தில் அதே கோளாறு திரும்பியது. ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று நாள் கடத்தப்பட்டு, முதல் வேலை முடிந்து 22 மாதங்கள் ஆன நிலையில் வண்டி அதே பணிமனையில் நிற்கிறது. கியர்பாக்ஸையே மாற்ற ரூ.62,000 ஆகும் என்றும், சம்மதமில்லை எனில் நிறுத்தக் கட்டணம் செலுத்திய பிறகே வண்டியை எடுக்கலாம் என்றும் சொல்லப்படுகிறது. விற்றால் வண்டி ரூ.1.2 லட்சத்துக்கு மேல் போகாது. பழுது பார்ப்பதா, வழக்குத் தொடர்வதா, உடைப்புக்குக் கொடுப்பதா?

பதில்: இவ்வழக்கின் முடிவு ஒரே வினாவைப் பொறுத்தது. இப்போது கெட்டிருப்பது முன்பு கை வைத்த அதே உறுப்பா, அல்லது வயதின் காரணமாகத் தேய்ந்த வேறொன்றா என்பதே அது. மூன்றாம் கியரின் சின்க்ரோனைசர், அதாவது கியர் மாறும்போது சுழலும் இரு பாகங்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வளையம், மாற்றப்பட்டதாகக் கூறிப் பணம் பெறப்பட்டு, பழைய வளையமே உள்ளே இருக்குமாயின், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கூறும் சேவைக் குறைபாடு என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. மாறாக, முன்பு தொடப்படாத பேரிங் தேய்ந்திருந்தாலோ, ஆயில் சீல் கசிந்து கியர் ஆயில் வற்றியிருந்தாலோ பணிமனையைப் பொறுப்பாக்குவது கடினம். இதைச் சொல்லக்கூடியது அந்தக் கியர்பாக்ஸின் உட்புறம் மட்டுமே என்பதால், நடுநிலையான வாகனப் பொறியாளர் ஒருவரின் முன்னிலையும், புகைப்படமும், எழுத்து அறிக்கையும் இன்றி அதை யாரும் பிரிக்கக்கூடாது. ரூ.62,000க்கு இன்று சம்மதிப்பதும், வண்டியை அப்படியே உடைப்புக்குத் தள்ளுவதும் வழக்கின் ஒரே சாட்சியைத் தாமே அழித்துக்கொள்வதாகும்.

வாசகரின் நடத்தை குறித்தும் கடுமையாகச் சொல்ல வேண்டியுள்ளது. ரூ.46,000 கொடுத்தவர், எந்தெந்த உறுப்பு மாற்றப்பட்டது என்று பெயர் குறித்த ரசீதோ, வேலை விவரம் பதியப்படும் ஜாப் கார்டின் நகலோ, கழற்றிய பழைய உறுப்புகளோ கேட்டுப் பெறாமல், ‘கியர் வேலை’ என்ற இரண்டே சொற்கள் கொண்ட துண்டுச் சீட்டோடு திரும்பியிருக்கிறார். நுகர்வோர் ஆணையம் புகார்களைப் பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் கொண்டே விசாரிக்கிறது என்பதால், வாய்மொழியாகத் தரப்பட்ட உறுதிமொழிகளுக்கு அங்கே எடை குறைவு. சட்டத்தின் 69ஆம் பிரிவு, வழக்கெழு காரணம், அதாவது வழக்குத் தொடரும் உரிமையைத் தோற்றுவித்த நிகழ்வு, ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தாக்கலாக வேண்டும் என்கிறது. கோளாறு திரும்பிய நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என வாதிட இடமுண்டு எனினும், அந்த வாதத்தை நம்பி எஞ்சிய இரண்டு மாதங்களையும் கழிப்பது விவேகமன்று. வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினால் காலம் நீளும் என்று பலர் எண்ணுகின்றனர், நீளாது. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, ஆனால் பணிமனையின் தவணைப் பேச்சை நம்பியிருந்தது போதிய காரணமாக ஏற்கப்படும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

ஓர் ஆறுதல் உண்டு. செய்த சேவைக்கு ரசீது தராமல் இருப்பதையே இச்சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. எனவே துண்டுச் சீட்டையும், பணம் சென்றதைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையையும், வாட்ஸ்ஆப் உரையாடலையும் பத்திரப்படுத்த வேண்டும். மின்னணுப் பதிவுகளுக்குப் பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023 இன் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும் என்பதால் கைப்பேசியை மாற்றுவதோ உரையாடலை அழிப்பதோ கூடாது. கொடுத்த தொகை ரூ.50 லட்சத்துக்கு உட்பட்டிருப்பதால் வாசகர் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையமே போதும், ரூ.5 லட்சம் வரை கட்டணமும் இல்லை.

வண்டியைப் பிடித்து வைப்பதைப் பொறுத்தவரை, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இன் 170ஆம் பிரிவு, பொருளின் மீது உழைப்போ திறனோ செலவிட்டவருக்கு உரிய கூலி கிடைக்கும்வரை அப்பொருளைத் தம்மிடம் வைத்திருக்கும் பற்றுரிமையை அளிக்கிறது. அது செய்து முடித்த வேலைக்கானது. இனிச் செய்யவிருக்கும் வேலையின் மதிப்பீட்டுக்கு அது பொருந்தாது. முன்கூட்டிய உடன்பாடு இல்லாத நிறுத்தக் கட்டணத்துக்காகவும் அதைக் கோருவது ஐயத்துக்குரியது.

செலவுக் கணக்கு தனி. இயந்திரப் பழுதும் தேய்மானமும் வழக்கமான வாகனக் காப்பீட்டில் அடங்கா. 15 ஆண்டுகள் நிறைந்ததும் பதிவைப் புதுப்பிக்கத் தகுதிச் சோதனையும், கட்டணமும், தமிழ்நாட்டில் பசுமை வரியும் காத்திருக்கின்றன. ஆணையம் பரிகாரம் அளித்தாலும் பெரும்பாலும் பழுதுச் செலவும் ஓரளவு இழப்பீடுமே கிடைக்கும்; காரின் விலையை எதிர்பார்க்கலாகாது. ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, இழப்பைக் குறைக்கக் கையிலிருந்த வழிகளையும் கணக்கில் கொள்ளச் சொல்வதால், சோதனை முடிந்த பிறகு வண்டியை மழையில் துருப்பிடிக்க விடாமல், வேறிடத்தில் பழுது பார்ப்பதோ, பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து வைப்புச் சான்றிதழ் பெற்றுப் பதிவை ரத்து செய்வதோ நன்று.

இங்குள்ளவை கடிதத்தில் கண்ட விவரங்களை மட்டும் கொண்டு கூறப்பட்டவை. வாசகர் இந்த வாரமே எல்லாக் காகிதங்களுடனும் உள்ளூர் வழக்கறிஞரை நேரில் காண வேண்டும். அதற்கு முன் வண்டியை மீட்க நேர்ந்து, ‘குறை ஏதுமில்லை’ என்று கையொப்பம் கேட்கப்பட்டால், ‘ஆட்சேபத்துடன் பெறப்பட்டது’ என்று தம் கைப்பட எழுதித் தேதியிட்டு, அத்தாளைப் படமெடுத்துக்கொண்ட பின்னரே வண்டியை எடுக்க வேண்டும்.