பரத்பூரின் கானா: கரைகளும் மதகுகளும் வளர்த்த பறவைக் காடு

ராஜஸ்தான் மாநிலத்தின் கிழக்கோரத்தில், ஆக்ராவிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது பரத்பூர். ஜாட் மன்னர்களின் தலைநகராய் விளங்கிய இவ்வூரின் மண்கோட்டை, 1805-ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படையின் முற்றுகையைத் தாங்கி நின்றதாகும். எனினும் வெளியூர்களிலிருந்து இங்கு வருவோரில் பெரும்பாலோர் கோட்டையைக் காண வருவதில்லை. ஊரை ஒட்டித் தென்கிழக்கே பரந்து கிடக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்காவே அவர்களை ஈர்க்கின்றது. அடர்ந்த காடு எனும் பொருளில் ‘கானா’ என்று உள்ளூர் மக்கள் இதனை வழங்குவர். கேவலாதேவ் என்பது இதன் நடுவே உள்ள சிவன் கோயிலின் பெயராகும்.

இப்பூங்காவின் பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். இவ்வளவு சிறிய பரப்பில் 350-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் காணப்பட்டுள்ளன. இங்கு வரும் மாணவர்களும் அலுவலர்களும் முதலில் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு: இது இயற்கை தானே ஆக்கிய ஏரி அன்று. இயல்பான பள்ளம் ஒன்று இங்கு இருந்தது உண்மையே. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில், மன்னர் சூரஜ்மல் காலத்தில், கம்பீர், பாணகங்கை ஆகிய ஆறுகளின் நீரைத் தேக்க எழுப்பப்பட்ட அஜான் அணைக்கரையே பள்ளத்தை ஏரியாக்கிற்று. அணையில் தேங்கும் மழைக்கால வெள்ளம் கால்வாய் வழியே பூங்காவுக்குள் வந்து சேர்கின்றது. நீரை ஆளும் கலையில் அம்மன்னர்கள் வல்லவர்கள். பரத்பூருக்கு வடக்கேயுள்ள டீக் நகர அரண்மனைத் தோட்டங்களில், மேல்தளத்துத் தொட்டியில் நிரப்பிய நீரின் அழுத்தத்தைக் கொண்டே நீரூற்றுகள் இயக்கப்பட்டன. அவ்வரண்மனையை இருபுறமும் அணைத்து நிற்கும் கோபால் சாகர், ரூப் சாகர் எனும் குளங்களையும் காணக் கருதுவோர் தனியே ஒரு நாள் ஒதுக்குவது நன்று.

நடைபாதைகளும் பருவங்களும்

கானாவின் நடைபாதைகள் பொழுதுபோக்குக்கென வெட்டப்பட்டவை அல்ல. அவை நீரைப் பிரித்துத் தேக்கும் கரைகளே. நீர்ப்பரப்பு இக்கரைகளால் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் நீர்மட்டமும் மதகுகளால் கட்டுப்படுத்தப்படுகின்றது. நுழைவாயிலிலிருந்து ஒரே ஒரு தார்ச்சாலை நடுவே செல்கின்றது. சோதனைச் சாவடிக்கு அப்பால் தனியார் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லை. நடந்தோ, மிதிவண்டியிலோ, ரிக்‌ஷாவிலோதான் செல்ல வேண்டும். கரைகளின் இருமருங்கும் கருவேல மரங்கள் நிழல் தருகின்றன. நீருக்குள் மேடுகளில் நிற்கும் கருவேல மரங்களிலேதான் நாரைகளும் நீர்க்காகங்களும் கூட்டங்கூட்டமாய்க் கூடு கட்டுகின்றன. ஒரே மரத்தில் பல இனங்களின் கூடுகளைக் காண்பதும் இங்கு அரிதன்று.

இப்பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 660 மில்லிமீட்டர்; அதுவும் முப்பத்தைந்து நாட்களுக்குச் சற்றே கூடுதலான நாட்களில் பெய்து தீர்ந்துவிடும். ஆகவே பூங்காவின் ஆண்டு முழுமையும் அந்தச் சில வாரங்களைப் பொறுத்தே அமைகின்றது. மழைக்காலத்தில் நீரின் ஆழம் ஓராள் மட்டம் வரை உயரும். மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா ஆகியன அப்போதுதான் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளுக்கு வேண்டிய மீன் அவ்வெள்ளத்தோடு வந்து சேர்வதே இதற்குக் காரணம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஊசிவால் வாத்து, கிளுவை, வரித்தலை வாத்து போன்ற வலசைப் பறவைகளின் காலமாகும். கோடையில் நீர் வற்றி, எஞ்சிய குட்டைகளில் மட்டும் பறவைகள் ஒதுங்கும்.

பறவைகளை அடையாளம் காட்டுவோரில் முதலிடம் பெறுபவர்கள் ரிக்‌ஷா ஓட்டுநர்களே. வனத்துறை இவர்களுக்குப் பயிற்சி அளித்து அனுமதி வழங்கியுள்ளது. பள்ளிப் படிப்பு குறைவாயினும், எந்தக் கரையில் எந்த மாதத்தில் எப்பறவை நிற்கும் என்பதைத் துல்லியமாய்க் கூறவல்லவர்கள். ஏரி வறண்ட ஆண்டில் முதலில் வருவாய் இழப்பவர்களும் இவர்களே.

வேட்டைக் களத்திலிருந்து பூங்காவுக்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கானா, மன்னரும் அவர்தம் விருந்தினரும் வாத்து வேட்டையாடும் இடமாக இருந்தது. வேட்டை நாள், விருந்தினர் பெயர், வீழ்த்திய பறவைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறித்த கல்வெட்டு இன்றும் பூங்காவுக்குள் நிற்கின்றது. 1938 நவம்பர் 12 அன்று, வைசிராய் லின்லித்கோ கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. விந்தை யாதெனில், வேட்டைக்காகப் பேணப்பட்டதாலேயே இந்நீர்நிலை விளைநிலமாக மாறாமல் எஞ்சியது. 1956-ஆம் ஆண்டில் இது பறவைச் சரணாலயமாயிற்று. இதற்கு அரும்பாடுபட்டவர்களுள் பறவையியல் அறிஞர் சாலிம் அலி குறிப்பிடத்தக்கவர். மன்னர் குடும்பத்தின் வேட்டை உரிமை 1972-ஆம் ஆண்டு வரை நீடித்தது. 1981-இல் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலிலும், 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் கானா இடம் பெற்றது.

எருமைகள் இல்லாத ஏரி

தேசியப் பூங்கா என்னும் தகுதி வந்தவுடன் 1982 நவம்பரில் கால்நடை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. சுற்றியுள்ள சிற்றூர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாய் மேய்ந்த இடம் அது. மாற்று ஏற்பாடு எதுவுமின்றித் தடை விதிக்கப்பட்டதால் கிளர்ச்சி எழுந்தது. போலீசார் சுட்டதில் கிராம மக்கள் சிலர் உயிரிழந்தனர். எருமைகள் புல்லை அழித்துப் பறவைகளுக்கு ஊறு செய்கின்றன என்பதே அன்று பரவலாய் நிலவிய கருத்து.

பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1980 முதல் 1990 வரை இங்கு நடத்திய ஆய்வு இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது. மேய்ச்சல் நின்றபின் பாஸ்பாலம் என்னும் நீர்ப்புல் தடையின்றிப் பரவி நீர்ப்பரப்பை மூடியது. திறந்த நீரை நாடும் வாத்துகளுக்கு இடம் குறைந்தது. மீன்களின் பெருக்கமும் தளர்ந்தது. சேற்றிலிருந்து கிழங்குகளைத் தோண்டி உண்ணும் சைபீரியக் கொக்குக்கும் இப்புல் இடையூறாயிற்று. 1964-65 குளிர்காலத்தில் ஏறத்தாழ இருநூறு சைபீரியக் கொக்குகள் இங்கு வந்திருந்தன. அவற்றின் கடைசி இணை 2001-02 குளிர்காலத்தில் காணப்பட்டது. வலசை வழியில் நேர்ந்த வேட்டையே இவ்வீழ்ச்சிக்குப் பெருங்காரணம் என்பதால், பழி முழுவதையும் புல்லின்மேல் சுமத்துவது பொருந்தாது. ஆயினும் எருமை இந்நீர்நிலையின் பகையன்று, அதன் உழைப்பாளிகளுள் ஒன்று என்பதை உணர்வதற்குள் உயிர்கள் போயின, பத்தாண்டுகளும் கழிந்தன.

பின்னாளில் வறட்சியைப் பயன்படுத்திச் சீமைக் கருவேலம் உலர்நிலத்தில் பெருமளவு பரவியபோது, வேறு வழி பின்பற்றப்பட்டது. அண்டைச் சிற்றூர் மக்களே அம்மரங்களை வேரோடு அகற்றி விறகை எடுத்துச்செல்ல அனுமதிக்கப்பட்டனர். பூங்காவின் களை ஒழிந்தது; அவர்களுடைய அடுப்பும் எரிந்தது.

நீருக்கான வழக்கு

கானாவுக்கு ஆண்டொன்றுக்குத் தேவைப்படும் நீர் சுமார் 55 கோடி கன அடி எனக் கணக்கிடப்பட்டுள்ளது. பாணகங்கையின் மேற்பகுதியில் எழுந்த தேக்கங்களால் அவ்வாறு பரத்பூரைத் தொடுவது அரிதாகிவிட்டது. எஞ்சிய கம்பீர் ஆற்றின் குறுக்கே கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை எழுந்தபின் நிலைமை மேலும் இறுகியது. 2004-க்குப் பின் வந்த சில ஆண்டுகளில் கானாவின் கரைகள் வெறும் மண்மேடுகளாய்க் காட்சியளித்தன. நாரைகள் கூடு கட்டவில்லை. அணையைத் திறக்க வேண்டுமெனப் பூங்காவின் நலம் நாடுவோர் கோரினர். தங்கள் வயலுக்கென்று கட்டிய அணையின் நீரைப் பறவைகளுக்கு விடுவதா என மேற்பகுதி உழவர் கேட்டனர். மழை பொய்த்த ஆண்டில் பயிரை நம்பியிருப்பவர் கேட்கும் இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அணை கட்டத் திட்டமிட்டபோதே ஆற்றின் கீழ்க்கோடியில் உள்ள ஏரியின் பங்கும் வரையறுக்கப்பட்டிருக்குமாயின், இருதரப்பாரும் எதிரெதிரே நிற்க நேர்ந்திராது.

பின்னர் மாற்று வழிகள் தேடப்பட்டன. குடிநீர்த் திட்டத்தின் குழாய் வழியே சம்பல் ஆற்று நீரில் ஒரு பகுதியும், கோவர்த்தன் வடிகாலிலிருந்து மழைக்கால மிகைநீரும் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. இவை ஏரி முற்றிலும் வறளாமல் காத்துள்ளன. ஆனால் ஆற்றுவெள்ளம் கொண்டுவருவது நீரை மட்டுமன்று. மீன்குஞ்சுகளும் நீர்த்தாவர விதைகளும் பூச்சியினங்களும் அதனோடு வருகின்றன. குடிநீர்க் குழாயில் வரும் நீரில் இவை இரா. குழாய்நீரால் நிரம்பிய பகுதியில் நாரை கூடு கட்டினாலும், குஞ்சுக்கு ஊட்ட மீனைத் தேடி வெளியேதான் பறக்க வேண்டும். நல்ல மழை பெய்து பாஞ்சனா நிரம்பி வழியும் ஆண்டில்தான் கம்பீர் ஆற்றின் வெள்ளம் அஜான் வழியே மீண்டும் கானாவை அடைகின்றது.