களைக்கொல்லியும் ஆண்களின் உடல்நலமும்: கீரையும் பழமும் காக்குமா?

செம்பனை, ரப்பர் தோட்டங்களில் பல ஆண்டுகள் மருந்து அடித்தவரா நீங்கள்? உங்கள் மகனோ பேரனோ இன்றும் அந்த வேலையைச் செய்கிறாரா? அப்படியானால் இந்தத் தகவல் உங்கள் குடும்பத்திற்கானது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

பாராகுவாட் போன்ற களைக்கொல்லி உடலுக்குள் சென்றால், உயிரணுக்களை அரிக்கும் தீய மூலக்கூறுகள் பெருகுகின்றன. இரும்பைத் துரு அரிப்பது போன்றது இது. விந்தணுவின் மேலுறையில் எளிதில் கெடும் கொழுப்பு அதிகம் இருப்பதால், அது விரைவில் பாதிக்கப்படுகிறது. எலிகளிடம் நடந்த ஆய்வுகளில் விந்தணு எண்ணிக்கை குறைந்ததும், விரைகள் சேதமடைந்ததும் காணப்பட்டுள்ளன.

மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட் தடை செய்யப்பட்டுள்ளது. மற்ற களைக்கொல்லிகள் இன்னும் பயன்பாட்டில் உள்ளன.

கீரையும் பழமும் உதவுமா?

கொய்யா, பப்பாளி, தக்காளி, வெங்காயம், முருங்கைக்கீரை, பெகாகா எனப்படும் வல்லாரை ஆகியவற்றில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் உள்ளன. வைட்டமின் சி, வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின் போன்றவை கொடுக்கப்பட்ட எலிகளுக்குச் சேதம் குறைந்தது. மனிதர்களிடம் இது நிரூபிக்கப்படவில்லை. ஆகவே, இவற்றை நல்ல உணவாக உண்ணுங்கள். நஞ்சுக்கு மாற்று மருந்தாக நம்பாதீர்கள்.

மாத்திரைகளில் கவனம்

"அதிகம் சாப்பிட்டால் அதிக நன்மை" என்று எண்ண வேண்டாம். தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ மாத்திரை உட்கொண்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் சற்று கூடியதை 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சிறுநீரக நோய் உள்ளவர்களும், வார்ஃபரின் உட்கொள்பவர்களும் கீரை, பழங்களின் அளவை மாற்றுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

உண்மையான பாதுகாப்பு

• மருந்து அடிக்கும்போது கையுறை, பூட்ஸ், நீளக் கால்சட்டை, முகக்கவசம் அணிய வேண்டும்.
• கால்சட்டை நனைந்தால் உடனே கழற்றி, சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். தொடை இடுக்கு, விதைப்பைத் தோல் மெல்லியது. நஞ்சை எளிதில் உறிஞ்சும்.
• கை கழுவாமல் உண்ணவோ புகைக்கவோ கூடாது.
• வேலை உடைகளைத் தனியாகத் துவைக்க வேண்டும்.
• களைக்கொல்லியைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பாராகுவாட்டுக்கு முறிவு மருந்து இல்லை. ஒரு வாய் விழுங்கினாலும் உயிர் போகலாம்.
• வீட்டில் பழைய போத்தல் இருந்தால் கால்வாயில் கொட்டாதீர்கள். விவசாய இலாகாவிடம் ஆலோசனை கேளுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

விரையில் வலி, வீக்கம், கட்டி இருந்தால் தாமதிக்காதீர்கள். பிள்ளைப்பேறு தள்ளிப்போகும் இளம் தம்பதியரில் கணவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பெண்ணை மட்டும் குறை கூறுவது தவறு. புதிய விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதங்கள் ஆகும். எனவே நஞ்சுடன் தொடர்பைக் குறைத்த பிறகு பொறுமை தேவை.

களைக்கொல்லியை யாராவது விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள். போத்தலையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

நீங்கள் அன்று பாதுகாப்பின்றி வேலை செய்திருக்கலாம். இன்று உங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் சொல்லை அவர்கள் கேட்பார்கள்.