முக்கொம்புக்குப் போகும் சாண்ட்விச்: வெண்ணெயா, மார்ஜரினா?

வெண்ணெய் நல்லதா, மார்ஜரின் நல்லதா என்று எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுச் சமையலறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 'அறை வெப்பத்தில் இளகிய வெண்ணெய்' என்றால் அவர்களுக்கு 20 டிகிரி. திருச்சியில் அக்னி நட்சத்திரத்தின்போது வெளியே 40 டிகிரியைத் தாண்டும். அடுப்பு எரியும் சமையலறை 35-க்குக் கீழே இறங்காது. பால் கொழுப்போ 32-லிருந்து 35 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும். அதனால் இந்த ஊரில் இருக்கிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: செய்த பண்டம் எத்தனை மணி நேரம் கழித்து, எந்தச் சூட்டில் வாய்க்குப் போகப்போகிறது?

முக்கொம்பை எடுத்துக்கொள்வோம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தில் ஆர்தர் காட்டன் 1836-ல் மேலணையைக் கட்டத் தொடங்கினார். ஆடிப்பெருக்குக்கும் பள்ளி விடுமுறைக்கும் திருச்சிக்காரர்கள் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போவது அங்கேதான். புளியோதரைக்கும் தயிர்சாதத்துக்கும் பக்கத்தில் இப்போது பிள்ளைகளுக்கென்று ஒரு சாண்ட்விச் டப்பாவும் ஏறிவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து கம்பரசம்பேட்டை, ஜீயபுரம் வழியாகப் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. ஆனால் தண்ணீர் பார்த்து, பூங்காவில் பிள்ளைகள் ஆடி முடித்து, டப்பாவைத் திறக்கும்போது பன்னிரண்டு மணி ஆகிவிடும். விடிகாலையில் தடவியது அதுவரை தாங்க வேண்டும்.

சாண்ட்விச்சில் வெண்ணெய் ருசிக்காக மட்டும் இல்லை. வெள்ளரிக்காய், தக்காளி, புதினாச் சட்னி எல்லாம் நீர் விடுகிறவை. அந்த நீர் ரொட்டிக்குள் இறங்காமல் தடுப்பது நடுவில் இருக்கும் கொழுப்புப் படலம்தான். ஆகவே நடுவில் ஒரு திட்டு வைத்து இழுத்துவிட்டால் போதாது. நான்கு ஓரமும் தொடுகிற மாதிரி, இரண்டு துண்டுகளிலும் தடவ வேண்டும். அவசரத்துக்கு வெண்ணெயை அடுப்பில் காட்டி உருக்கித் தடவுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். உருகிய வெண்ணெயை ரொட்டி உறிஞ்சிக்கொள்ளும், படலமே இருக்காது. ஆள்காட்டி விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. தடவுவதற்கு அதுதான் பதம்.

இந்த வேலைக்கு என் தேர்வு உப்புப் போட்ட டேபிள் வெண்ணெய். காரணம் வாய்ச்சூடு. நம் வாய்க்குள் ஏறக்குறைய 37 டிகிரி. வெண்ணெய் அதற்குச் சற்றுக் கீழேயே உருகுவதால் நாக்கில் பட்டதும் கரைந்து மணம் விடுகிறது. பேக்கரிக்கென்று வரும் கட்டி மார்ஜரின் வெப்பத்தைத் தாங்குவதற்காக அதைவிட உயர்ந்த வெப்பத்தில் உருகும்படி தயாரிக்கப்படுகிறது. அது வாயில் முழுக்கக் கரையாது. மேலண்ணத்தில் மெழுகுப் படலமாய் நிற்கும், வெந்நீர் குடித்தால்தான் போகும். வேகவைக்காமல் அப்படியே சாப்பிடும் பண்டத்தில் இதை மறைக்க வழியில்லை. வாங்கி வந்த கட்டி எந்த ரகம் என்று தெரியவில்லை என்றால் பட்டாணி அளவு எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். சீக்கிரம் எண்ணெயாக வழிந்தால் ரொட்டிக்கு ஆகும். பிசுபிசுத்துக்கொண்டே இருந்தால் அது அடுப்புக்குப் போக வேண்டியது.

வெண்ணெய் உருகிவிடுமே என்ற கவலை நியாயமானது, ஆனால் சமாளிக்கலாம். முதல் நாள் வாங்கிய ரொட்டியில் தடவி, காய் அடுக்கி, மூடி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். படலம் மறுபடி இறுகிவிடும். பிறகு வாழை இலையிலோ பட்டர் பேப்பரிலோ இறுக்கிச் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, பையில் ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு ஒட்டி வைத்தால் மதியம் வரை நிற்கும். சட்னியைத் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைத்திருக்க வேண்டும். அது நீர்த்திருந்தால் எந்தக் கொழுப்பும் காப்பாற்றாது.

ரொட்டியும் வெண்ணெயும் ஸ்ரீரங்கத்துக்குப் புதுசு இல்லை. முஸ்லிம் பக்தையான துலுக்க நாச்சியாரை முன்னிட்டு, அரங்கனுக்குக் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கும் வழக்கம் கோயிலில் இருக்கிறது. மறுபக்கம், செய்கொழுப்புக்கும் இந்த ஊரில் வரலாறு உண்டு. வெண்ணெய்க்கு மலிவான மாற்று வேண்டும் என்று மூன்றாம் நெப்போலியன் பரிசு அறிவிக்க, 1869-ல் மெஜ் மூரியே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் மாட்டுக் கொழுப்பிலிருந்து மார்ஜரினைச் செய்தார். பிற்பாடு அது தாவர எண்ணெய்க்கு மாறியது. இந்தியாவில் அதன் உறவான வனஸ்பதிதான் முதலில் வீடுகளுக்குள் வந்தது. டால்டா என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. லீவர் குழுமம் 1951-ல் வாங்கிய வனஸ்பதி ஆலைகளில் ஒன்று திருச்சியில் இருந்தது.

கடை அலமாரியில் நிற்கும்போது கவனிக்க வேண்டியது பெட்டியின் முன்பக்கப் படத்தை அல்ல, பின்பக்கச் சிறிய எழுத்தை. வெண்ணெய் என்றால் பால் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம், நீர் அதிகபட்சம் 16 சதவீதம். டேபிள் மார்ஜரினிலும் கொழுப்பு 80 சதவீதம்தான், ஆனால் தாவரக் கொழுப்பு. இரண்டுக்கும் நடுவில் 'ஃபேட் ஸ்ப்ரெட்' என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. வெண்ணெய்ப் பெட்டி மாதிரியே பெட்டி, அதே மஞ்சள் நிறம். அதில் கொழுப்பு 40 சதவீதத்திலிருந்து இருக்கலாம். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே தடவ வரும் என்பதால் காலை அவசரத்துக்கு நல்லது. கேக்குக்குப் போட்டால் மாவு அடர்ந்து, நடுவில் பசையாக நின்றுவிடும். வெண்ணெய் என்று நினைத்து இதை வாங்கிப்போய், கேக் சரியாக வராததற்கு ஓவனைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.

கேக்குக்கு வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்துக் குழைக்கும்போது கொழுப்புக்குள் காற்று சிறைப்பட வேண்டும். அதற்கு வெண்ணெய் 18-லிருந்து 21 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் சமையலறையில் மேமாதத்தில் அந்த நிலை சில நிமிடங்கள்தான் நீடிக்கும். மஞ்சள் வெளுத்து, வெள்ளை கலந்த கிரீம் நிறத்துக்கு வரும் வரை அடிக்க வேண்டும். அதற்குள் பாத்திரத்தின் ஓரத்தில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சூடேறிவிட்டது என்று அர்த்தம். உடனே பாத்திரத்தை ஐஸ் தண்ணீர்த் தட்டில் வைத்துவிட்டுத் தொடருங்கள். மார்ஜரினில் இந்தப் போராட்டம் இல்லை. நுண்ணிய படிகங்களாக இறுகும்படி தயாரிக்கப்பட்டது, குழைப்பான்களும் சேர்ந்தது. வெயிலிலும் காற்றைப் பிடித்துக்கொள்ளும். கேக் உயரமாக, மென்மையாக வரும். மணம் மட்டும் வராது.

ஆகவே வெனிலா டீ கேக், வெண்ணெய் பிஸ்கட் போல வெண்ணெயே முதல் ருசியாக இருக்கும் பண்டங்களுக்கு மார்ஜரினைத் தொடாதீர்கள். கோகோ, கிராம்பு, பட்டை, பேரீச்சை தூக்கலாக இருக்கும் கேக்குக்குப் பாதி வெண்ணெய், பாதி மார்ஜரின் தாராளமாகப் போதும், செலவும் குறையும். வெஜிடபிள் பஃப்ஸ் கதை வேறு. மாவுக்கும் மாவுக்கும் நடுவில் கொழுப்பு அடுக்கடுக்காக நின்றால்தான் மேலே உதிரும் ஏடுகள் வரும். ஏசி இல்லாத இடத்தில் மடித்து மடித்துத் தேய்க்கும்போது வெண்ணெய் மாவோடு கலந்து அடுக்கே இல்லாமல் போகும். பேக்கரிக்காரர்கள் அதற்கென்றே வரும் பஃப் மார்ஜரினைப் போடுவதைச் சிக்கனம் என்று மட்டும் பார்ப்பது தவறு. நம் வெயிலுக்கு அதுதான் வேலைக்கு ஆகும். வீட்டில் வெண்ணெயிலேயே செய்ய ஆசை என்றால் மார்கழி, தை மாதங்களில், விடியற்காலையில் செய்யுங்கள்.

ஆவினில் டேபிள் வெண்ணெயும் உப்பில்லாத சமையல் வெண்ணெயும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. கேக்குக்குச் சமையல் வெண்ணெய். டேபிள் வெண்ணெயைப் போட்டால் மாவில் தனியாக உப்புச் சேர்க்க வேண்டாம். வீட்டில் தயிர் கடைந்து எடுத்த வெண்ணெயில் நீர் கூடுதல். குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை அலசி, கையால் அழுத்தி நீரை வெளியேற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். ரொட்டியில் தடவும்போது மேலே சிட்டிகை உப்பும் மிளகுத்தூளும் தூவினால், அதன் லேசான புளிப்புக்கு ஈடான டேபிள் வெண்ணெய் எனக்குத் தெரிந்து இல்லை. வனஸ்பதிதான் கையில் இருக்கிறது என்றால் அது கிட்டத்தட்ட முழுக்கொழுப்பு. 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் வனஸ்பதியும் ஒரு மேசைக்கரண்டி பாலும் கணக்கு.

உடம்புக்கு எது நல்லது என்பதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கொழுப்பளவு ஒன்றாக இருந்தால் கலோரியும் ஒன்றுதான். வெண்ணெயின் எடையில் பாதி நிறைவுற்ற கொழுப்பு; இதயக் கோளாறு உள்ளவர்கள் அளந்துதான் சாப்பிட வேண்டும். வெளிநாட்டு மருத்துவக் குறிப்புகளில் மார்ஜரினுக்கு மாறச் சொல்வது, திரவ எண்ணெய் அதிகமுள்ள மிருதுவான டப்பா ரகத்தை. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கட்டி மார்ஜரின் பெரும்பாலும் பாமாயிலின் கெட்டியான பகுதியிலிருந்து வருவது; அதிலும் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. அந்த அறிவுரையை இந்தக் கட்டிக்குப் பொருத்தினால் ஏமாந்துபோவோம். டிரான்ஸ் கொழுப்பு விஷயத்தில் நிலைமை முன்னேறியிருக்கிறது. எண்ணெய், கொழுப்புப் பொருட்களில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்த விதியின் பாதுகாப்பு லேபிள் உள்ள பொருளுக்குத்தான் கிடைக்கும். எடை போட்டு உதிரியாகத் தரும் பெயரில்லாத கட்டியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், பிள்ளைகள் சாப்பிடும் பண்டத்துக்கு வாங்காதீர்கள். பால் ஒவ்வாமை உள்ளவர்களும் லேபிளைப் படிக்கத்தான் வேண்டும். சில மார்ஜரின்களில் பால் பொருட்கள் சேர்ந்திருக்கும்.

முக்கொம்புக்கு எடுத்துப்போன வெண்ணெய் டப்பாவில் மீதம் உருகித் திரும்பி வந்தால், ஃபிரிட்ஜில் வைத்து இறுகவிட்டு மறுநாள் கேக்குக்கு எடுக்க நினைக்காதீர்கள். ஒருமுறை உருகிய வெண்ணெயில் நீரும் கொழுப்பும் பிரிந்துவிடும். இறுகினாலும் மணல் மணலாக இருக்கும், காற்றைப் பிடிக்காது. அதை அடிகனமான வாணலியில் போட்டு, ஒரு கொத்து முருங்கை இலை சேர்த்து, சடசடப்பு அடங்கும் வரை நெய்யாகக் காய்ச்சிவிடுங்கள். உப்பு அடியில் தங்கிவிடும். மேலாக வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம்.