பிள்ளைகளுடன் வல்லார்பாடம் வரை

பள்ளிச் சுற்றுலா என்றால் நம் பிள்ளைகளுக்கு விடியற்காலையில் பஸ் ஏறுவது, பாட்டுப் போட்டு ஆடுவது, அருவியில் குளிப்பது, இரவு களைத்து வீடு திரும்புவது. அதுவும் வேண்டியதுதான். கல்விப் பயணம் என்று நான் இங்கே சொல்வது, ஒன்றைக் கண்ணால் பார்த்து, கையால் அளந்து, விவரம் தெரிந்தவரிடம் கேட்டு, பிறகு வீட்டில் உட்கார்ந்து அதைப் பற்றி எழுதுவது. எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது என்று அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1938-இல் வெளியான 'அனுபவமும் கல்வியும்' என்ற நூலில் எச்சரித்தார். அதற்கு முந்திய ஆண்டு காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டமும் கைத்தொழிலை நடுவில் வைத்தே பாடம் சொல்லச் சொன்னது.

கொச்சியில் வாழும் நாம் இதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. சங்கத்தின் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு மட்டாஞ்சேரியில் தொடங்கி வல்லார்பாடத்தில் முடித்தேன். எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று: சரக்கு எப்படிக் கப்பலேறுகிறது?

மட்டாஞ்சேரி பஜார் சாலையின் பழைய கிடங்குகளுக்கு முன்வாசல் தெருவில், பின்வாசல் காயலில். மிளகும் சுக்கும் வள்ளங்களில் பின்வாசலுக்கு வந்து போன காலம் உண்டு. கட்டடத்தைப் பார்த்ததுமே ஒரு சிறுமி, "வீட்டுக்கு இரண்டு தெரு, ஒன்று தண்ணீர்த் தெரு" என்றாள். நான் அரைமணி நேரம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். பக்கத்திலேயே அரண்மனையும், 1568-இல் கட்டிய யூதர் ஆலயமும் இருந்தன. வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டினால் எதுவும் மனத்தில் தங்காது.

முகத்துவாரத்தில் மணல்திட்டு இருந்ததால் அக்காலத்தில் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நின்றன. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அதை வெட்டி ஆழமாக்கினார். 1928-இல் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கியதே வில்லிங்டன் தீவு. இந்தியாவுக்கு முதல் கன்டெய்னர் கப்பல் வந்ததும் இதே கொச்சிக்குத்தான், 1973-இல். வல்லார்பாடம் முனையம் 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இந்த நான்கு செய்திகளையும் ஃபோர்ட் கொச்சி ஜங்காருக்குக் காத்திருந்தபோதே சொல்லி முடித்துவிட்டேன். எதிர்க்கரையில் கிரேன்கள் தெரிய, வரலாற்றுக்கு வேறு படம் தேவைப்படவில்லை.

வைப்பினில் இறங்கி, கோஸ்ரீ பாலம் வழியாக வல்லார்பாடம் சென்றோம். 2004-இல் பாலங்கள் வரும்வரை இத்தீவுக்காரர்களுக்குப் படகுதான் கதி. முனையத்துக்குள் அனுமதியின்றிப் போக முடியாது. வெளியில் சாலையோரம் ஒதுங்கி நின்றாலே போதும், லாரிகள் வரிசையாக வரும். முதலில் கயிற்றை அளந்து தரையில் ஒரு கன்டெய்னரின் அளவைக் குறித்தோம்: நீளம் 20 அடி, அகலம் 8 அடி. உயரம் எட்டரை அடி. பன்னிரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்த பிறகும் இடம் மிச்சமிருந்தது.

எங்களுடன் ஒரு மாணவனின் அப்பாவும் வந்திருந்தார். திருப்பூரிலிருந்து பனியன் சரக்கு ஏற்றிவரும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர். மகனோ வகுப்பில் அதுநாள்வரை "அப்பா கம்பெனியில் வேலை" என்றுதான் சொல்லிவந்தான். அன்று பாடம் நடத்தியவர் அவர்தான். கதவில் சீல் எதற்கு, பெட்டியின் நான்கு மூலையிலும் பூட்டு எப்படி மாட்டுவது, வாசலில் எத்தனை மணி நேரம் காத்திருப்பது என்றெல்லாம் சொன்னார். "மாமா, கடைசி நம்பருக்கு மட்டும் ஏன் கட்டம் போட்டிருக்கு?" என்று ஒருவன் கேட்டான். "அது சரிபார்க்கிற நம்பர் தம்பி. ஒரு எழுத்து மாறினாலும் இது காட்டிக்கொடுத்துடும்" என்றார்.

எப்படிக் காட்டிக்கொடுக்கிறது? வீட்டில் செய்து பாருங்கள். பெட்டியின் அடையாளத்தில் முதலில் நான்கு ஆங்கில எழுத்துகள், பிறகு ஆறு எண்கள், கடைசியில் கட்டமிட்ட எண். 'ஏ' எழுத்துக்கு மதிப்பு 10. அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிச் செல்க, 11, 22, 33 ஆகியவற்றை மட்டும் தாண்டிவிடுக. 'சி, எஸ், க்யூ, யூ, 305438' என்று வைத்துக்கொள்வோம். எழுத்துகளின் மதிப்பு 13, 30, 28, 32. இந்தப் பத்து எண்களையும் வரிசைப்படி 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 512 வரை பெருக்கிக் கூட்டினால் 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்துக்குள் இருக்க வேண்டியதும் 3. (மீதி 10 வந்தால் 0 என்று கொள்க.) கணக்கென்றால் ஓடும் பிள்ளைகள் அன்று ஆளுக்கு ஐந்து லாரி எண்களைக் குறித்துக்கொண்டு வந்தார்கள்.

திரும்பும்போது ஒரு பெண் கேட்டாள்: "சார், இந்த ரோடு போட்ட இடத்துல முன்னாடி யார் இருந்தாங்க?" நல்ல கேள்வி, மழுப்பக் கூடாது. முனையத்துக்கான சாலைக்கும் ரயில் பாதைக்குமாக மூலம்பிள்ளி முதலிய ஊர்களில் 316 குடும்பங்கள் வீடிழந்தன. 2008-இல் மூலம்பிள்ளியில் வீடுகளை இடித்து மக்களை வெளியேற்றினார்கள். வாக்களித்த மாற்று மனைக்காகப் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் போராடின. இதையும் சொன்னேன். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளங்கவைக்க அதிக நேரம் ஆகவில்லை.

அடுத்த ஞாயிறு ஒவ்வொருவரும் தமிழில் ஒரு பக்கம் எழுதி வந்தார்கள். எழுத்துப்பிழை நிறைய, திருத்திக்கொள்ளலாம். ஓட்டுநரின் மகன் மூன்று பக்கம் எழுதியிருந்தான். வாளையார் தாண்டும் இரவு, வழியில் டீக்கடை, டயர் வெடித்த கதை எல்லாம் அப்பாவிடம் கேட்டு எழுதியவை.

அழைத்துப்போக விரும்பும் பெற்றோர்க்குச் சில வார்த்தைகள். பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். கழிப்பறை வசதி எங்கே என்பதை முன்னதாகவே போய்ப் பார்த்து வையுங்கள். லாரிச் சாலையில் பிள்ளைகள் பக்கத்தில் இருவராவது நில்லுங்கள்.

அடுத்து, ஃபோர்ட் கொச்சி வேலியிலுள்ள தோபிகானாவுக்குப் போக எண்ணியுள்ளோம். அங்கே துணி வெளுப்பவர்கள் பல தலைமுறைகளாகக் கொச்சியில் வாழும் தமிழர்கள். கிளிப் இல்லாமல், முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணியைச் செருகி உலர்த்துவார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். வரும் பிள்ளைகள் ஆளுக்கொரு பழைய துணியும் இரண்டு முழக் கயிறும் கொண்டுவரவும்.