எம்87-ஐச் சுற்றும் கொத்துகள்

கேள்வி: எம்87 கேலக்ஸியைச் சுற்றியுள்ள கோள விண்மீன் கொத்துகளை ஏன் இவ்வளவு ஆர்வமாக ஆராய்கிறார்கள்?

பதில்: நம் பால்வீதியில் இத்தகைய கொத்துகள் 150 சொச்சம்தான். கன்னி ராசித் திசையில், சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் எம்87-இலோ பத்தாயிரத்துக்கும் மேல்! ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கான விண்மீன்கள் இருந்தும், ஹப்பிள் படத்தில்கூட ஒரு கொத்து ஏறத்தாழ ஒரு புள்ளிதான்.

அந்தப் புள்ளியின் நிறம்தான் சாவி. கனமான தனிமங்கள் குறைந்த கொத்து நீலம் சாய்ந்தும், மிகுந்தது சிவப்பு சாய்ந்தும் தெரியும். எம்87-இல் இரு வகையும் உண்டு. சிவப்புக் கொத்துகள் மையத்தை நெருங்கியிருக்கின்றன. நீலக் கொத்துகள் வெகுதூரம் பரவியிருக்கின்றன. நீலத்தில் பெரும்பகுதி, எம்87 விழுங்கிய சிறு கேலக்ஸிகளின் சொத்து என்பதே வலுவான விளக்கம். விழுங்கப்பட்ட கேலக்ஸி சிதைந்து கலந்துவிடும். இறுக்கமான கொத்து மட்டும் பிழைத்திருக்கும். ஒரு கேலக்ஸியின் வரலாற்றுக்கு இதைவிட நம்பகமான சாட்சி கிடைப்பது அரிது.

நிறமாலையில் கொத்துகளின் வேகத்தையும் அளக்கிறார்கள். விண்மீன் ஒளி மங்கிப்போன வெளிப்புறத்திலும் அவை வேகமாகவே ஓடுகின்றன. அங்கே கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் எவ்வளவு என்று எடைபோட இது ஒரு முக்கிய வழி. 2014-இல் அறிவிக்கப்பட்ட ஒரு கொத்து, எம்87-இலிருந்து வீசியெறியப்பட்டதாகக் கருதப்படுகிறது; அது விநாடிக்கு 1000 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் நம் பக்கம் வருகிறது. பயம் வேண்டாம், தூரம் அப்படி.

ஏப்ரல், மே இரவுகளில் எம்87 தமிழ்நாட்டில் ஏறக்குறைய உச்சி வானைக் கடக்கும். நகர வெளிச்சம் இல்லாத இடத்தில் ஒரு சிறிய தொலைநோக்கி இருந்தால் அவசியம் பாருங்கள்.