கொக்கியா, மின்கையா?

முழங்கைக்குக் கீழே வலக்கையை இழந்த என் தம்பி மீண்டும் தச்சு வேலைக்குத் திரும்ப விரும்புகிறான். மின்சாரக் கை வாங்குவதா, கொக்கி போதுமா? — வாசகர் ஒருவர், திண்டுக்கல்

தங்கள் தம்பியின் சங்கல்பம் போற்றத்தக்கது. அவர் தொழிலுக்குக் கொக்கியே உத்தமம். தசைகளின் சூட்சுமமான மின்னதிர்வை உணர்ந்து விரல்களை இயக்கும் மின்கை பார்வைக்கு லட்சணமானதாயினும், மரத்தூளும் ஈரமும் அதற்குச் சத்துருக்கள். விலையும் கனமும் அதிகம். கொக்கியிலோ, தோளைச் சற்று முன்னே நகர்த்தியதும் முதுகுப் பட்டையோடு பிணைத்த கம்பி இழுபட்டு உலோக விரல்கள் திறக்க, தோளைத் தளர்த்தியதும் ரப்பர் வளையங்கள் அவற்றை மூட, விரல்கள் எவ்வளவு விரிந்தன என்பதைக் கம்பியின் இழுப்பே தோளுக்கு உணர்த்துவதால், பழகிய பின் கண்பாராமலே சிறு ஆணியையும் பற்றலாம். அமெரிக்காவில் மர அறுவை ஆலையொன்றில் கையை இழந்த டேவிட் டாரன்ஸ் தாமே வகுத்து, 1912-இல் காப்புரிமை பெற்ற சாதனம் இது. ஆகவே தச்சருக்கு இது அந்நியமன்று.

கொக்கியைவிட முக்கியம், எஞ்சிய கையைத் தாங்கும் கூடு: வீக்கம் வடிந்தபின் அளவெடுத்து, தோல் சிவந்து புண்ணானால் உடனே திருத்தச் சொல்லுங்கள். சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தை அணுகுங்கள்; தாமதம் வேண்டாம், ஏனெனில் ஒற்றைக்கைப் பழக்கம் ஊறுமுன் அணிபவருக்கே செயற்கைக் கை சுலபமாக வசப்படும்.